வேட்டிக் கரை அகல வானம்: யூட்டா பாறை இடுக்குகளில் நடப்பதும் படம் எடுப்பதும்

பக்ஸ்கின் கல்ச் என்கிற பாறை இடுக்குக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், தெரிகிற வானம் ஒரு வேட்டிக் கரை அகலம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் செம்பாறை செங்குத்தாக ஏறி நிற்கும், பல இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம். மேகம் எந்தப் பக்கம் திரள்கிறது, சூரியன் எங்கே நிற்கிறது, எதுவும் உள்ளேயிருந்து தெரியாது. ஆனால் நீங்கள் உயிரோடு திரும்புவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத மேகத்தின் கையில் இருக்கிறது, உங்கள் படம் நன்றாக வருவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத சூரியன் கையில் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் போகிற எவரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: மேலே என்ன நடக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதைக் கீழே இறங்குவதற்கு முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசுவது அமெரிக்காவின் தெற்கு யூட்டாவும் அதை ஒட்டிய வடக்கு அரிசோனாவும். லாஸ் வேகஸில் இறங்கி வண்டி எடுத்தால் மூன்று மணி நேரத்தில் ஸயான் தேசியப் பூங்கா, அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் பிரைஸ் கேன்யன், இன்னும் ஒரு மணி நேரம் கிழக்கே போனால் எஸ்கலான்டே, தெற்கே இறங்கினால் கனாப், பேஜ், ஆன்டிலோப் கேன்யன். நீண்ட வார இறுதியில் மூன்றே நாளில் இவை எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருகிற நம்மவர்கள் நிறையப் பேர். அப்படிப் போனால் பாதிப் பகல் காரிலேயே போய்விடும், நல்ல வெளிச்சம் இருக்கும் நேரத்தில் நீங்கள் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொண்டு, ஒரே இடத்தைக் காலையிலும் சாயங்காலமும் போய்ப் பாருங்கள். இந்தப் பாறைகள் காலையில் ஒரு நிறம், மாலையில் வேறு நிறம்.

எப்போது போவது? ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசி வரை, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. ஜூன் மாதம் வறட்டு வெயில். ஜூலை பாதியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம், பிற்பகலில் இடியோடு கொட்டும், ஸ்லாட் கேன்யன் என்று சொல்கிற குறுகிய இடுக்குகளுக்கு அது ஆகவே ஆகாது. பள்ளிக்கூட விடுமுறை என்று ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் பிரைஸுக்குப் போங்கள், இடுக்குகளை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர்

இந்த இடுக்குகள் எல்லாம் தண்ணீர் அறுத்தவை. ஸயானிலும் ஆன்டிலோப்பிலும் பக்ஸ்கின்னிலும் நீங்கள் பார்க்கிற பாறைக்கு நவாஹோ மணற்கல் என்று பெயர், ஏறக்குறைய 18, 19 கோடி வருடங்களுக்கு முன்னால் இங்கே பரந்து கிடந்த மணல் மேடுகள் இறுகிக் கல்லானது. சுவரில் சாய்வாக ஓடும் மெல்லிய கோடுகள் அந்தக் காலத்துக் காற்று மணலை அடுக்கிய அடுக்குகள். அதில் ஏதோ ஒரு விரிசல் வழியாக வெள்ளம் புகுந்து, கூடவே மணலையும் கூழாங்கல்லையும் இழுத்துக்கொண்டு போய்த் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியதுதான் இந்த வளைவும் நெளிவும். அதாவது நீங்கள் நடக்கிற பாதை ஒரு காட்டாற்றின் படுக்கை. அது வறண்டு கிடக்கிற நாட்களில் நாம் உள்ளே போய்வருகிறோம்.

குற்றாலத்துக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலை மேலே மழை பெய்யும், அருவியில் திடீரென்று செந்நிறமாக வெள்ளம் விழும், போலீஸ்காரர்கள் எல்லோரையும் வெளியேற்றுவார்கள். யூட்டாவில் வித்தியாசம் என்னவென்றால் விசிலடித்து வெளியேற்ற ஆள் கிடையாது, ஓடி ஒதுங்கக் கரையும் கிடையாது. வெறும் பாறையும் காய்ந்து இறுகிய மண்ணும் மழையை உறிஞ்சாது, விழுந்ததெல்லாம் அப்படியே இடுக்குக்குள் வந்து சேரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை கொட்டியது அவர்கள் நின்ற இடத்தில் இல்லை, பல மைல் தள்ளி மேலே. 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானில் உள்ள கீஹோல் கேன்யனில் 7 பேர் ஒரே குழுவாகப் போய் வெள்ளத்தில் மாட்டி இறந்தார்கள். இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. இரண்டுமே மழைக்காலத்தில் நடந்தவை, அதைக் கவனியுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? அமெரிக்க தேசிய வானிலைச் சேவை, இந்தப் பகுதியில் உள்ள பூங்கா ஒவ்வொன்றுக்கும் திடீர் வெள்ள வாய்ப்பை அன்றாடம் நான்கு படிகளாகப் போடுகிறது. எதிர்பார்க்கவில்லை, வரக்கூடும், வர வாய்ப்பு அதிகம், வரும் என்று ஏறிக்கொண்டே போகும். நான் முதல் படி இருக்கிற நாளில் மட்டும்தான் இடுக்குக்குள் இறங்குவேன். 'வரக்கூடும்' என்று போட்டிருந்தால்கூட அன்று மேட்டு நிலத்தில் நடக்கிற பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. அப்புறம், நீங்கள் நிற்கிற ஊருக்கு மட்டும் வானிலை பார்க்காதீர்கள். அந்த இடுக்குக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் பாருங்கள், அங்கே மழை இருக்கிறதா என்று பாருங்கள். பக்ஸ்கினுக்கு வருகிற தண்ணீர் வடக்கே பல மைல் தள்ளியிருக்கும் மேட்டு நிலத்திலிருந்து வருகிறது, அங்கே மேகம் கறுத்தால் கனாபில் வெயில் அடிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காலையில் கனாபிலோ எஸ்கலான்டேயிலோ இருக்கும் தகவல் மையத்துக்குப் போய், கவுன்டரில் இருக்கிற ரேஞ்சரிடம் நேரடியாகக் கேளுங்கள். நேற்று மழை பெய்ததா, உள்ளே சேறு எவ்வளவு, குட்டை எத்தனை அடி, மண் சாலை காய்ந்துவிட்டதா என்று இப்படிக் குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பதில் வரும். மொத்தமாக 'போகலாமா' என்று கேட்டால் மொத்தமாகத்தான் பதில் சொல்வார்கள்.

உள்ளே இருக்கும்போது கவனிக்க வேண்டியது: தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறுகிறதா, சுள்ளியும் பைன் ஊசி இலையும் மிதந்து வருகிறதா, தூரத்தில் ரயில் வருகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் பையையும் ட்ரைபாடையும் பார்க்காமல் உடனே மேலே ஏறுங்கள். வெள்ளத்தோடு ஓட்டப்பந்தயம் ஓட முடியாது, பக்கவாட்டில் சில அடி ஏறினாலே பிழைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நடக்கும்போதே எங்கே ஏறலாம் என்று பார்த்துக்கொண்டே போகிற பழக்கம் வரவேண்டும். பக்ஸ்கின்னில் தலைக்கு வெகு மேலே, இரண்டு சுவருக்கும் நடுவில் முழு மரத்தண்டுகள் குறுக்கே செருகிக்கொண்டு நிற்கும். முதல் தடவை பார்த்தபோது யாரோ பாலம் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

மண் சாலையையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்ஸ்கினுக்குப் போகிற வயர் பாஸ் நடைபாதைக்கு 89ஆம் நெடுஞ்சாலையிலிருந்து எட்டு மைலுக்குமேல் மண் சாலையில் போக வேண்டும், எஸ்கலான்டேயில் பீக்கபூ, ஸ்பூக்கி இடுக்குகளுக்கு ஹோல் இன் தி ராக் சாலையில் 26 மைல். காய்ந்திருந்தால் சாதாரணக் காரே மெதுவாகப் போய்விடும், குலுங்கும், அவ்வளவுதான். நனைந்தால் களிமண் டயரில் சோற்றுப் பருக்கை மாதிரி அப்பிக்கொண்டு, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகூட நகராது. ஒரு அக்டோபரில் அரை மணி நேரம்தான் தூறியது, நானும் நண்பரும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மறுநாள் காலை பத்து மணி வரை அதிலேயே இருந்தோம். வண்டியில் போர்வையும், எட்டு லிட்டர் தண்ணீரும், புளியோதரையும் இருந்ததால் அது ஒரு தொந்தரவாக மட்டும் முடிந்தது. வாடகை வண்டி என்றால் மண் சாலையில் போக அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துக்கொள்ளுங்கள், பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

நடக்கிறதுக்கு

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும், அதனால் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவீர்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தாலும் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள், உப்புக்கடலை, ஊறுகாயோடு சப்பாத்தி, புளியோதரை எல்லாம் இதற்கு மிக நல்ல சாப்பாடு. பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டால் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்பிவிடுங்கள். வெயில் காலத்தில் அதற்கும் முன்னாலேயே.

செல்போன் சிக்னல் கிடையாது, இடுக்குக்குள் ஜிபிஎஸ்கூட ஒழுங்காக நிற்காது. வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நெற்றியில் கட்டுகிற டார்ச் கட்டாயம், பகலில் போனாலும்.

ஸயானில் உள்ள நேரோஸ் முழுக்க முழுக்க வேறு மாதிரி நடை. ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும், வர்ஜின் ஆற்றின் தண்ணீர் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஏறி இறங்கும், கீழே பந்து மாதிரி உருண்டைக் கற்கள். பூங்காவுக்கு வெளியே ஸ்பிரிங்டேல் ஊரில் இதற்கென்றே ஷூ, ரப்பர் நுரைச் சாக்ஸ், நீளமான மரத்தடி மூன்றையும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். தடியை நீரோட்டம் வருகிற பக்கமாக ஊன்றி, அது நின்ற பிறகு ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். ஆற்றில் வினாடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் போனால் நடையை மூடிவிடுவார்கள். மேட்டூர் அணைச் செய்தியில் வருகிற அதே கன அடிதான், அதோடு ஒப்பிட்டால் 150 என்பது துளி மாதிரி தெரியும், ஆனால் சுவருக்குச் சுவர் இருபது முப்பது அடியே இருக்கிற இடத்தில் அது ஆளைத் தள்ளிவிடும். பூங்காவின் ஷட்டில் பஸ் போகிற கடைசி நிறுத்தத்திலிருந்து மேல்நோக்கி நடந்து பிக் ஸ்பிரிங் என்கிற இடம் வரை போய்த் திரும்பலாம், போக ஐந்து மைல், வர ஐந்து மைல், அதற்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. நான் ஆர்டர்வில் என்கிற கிளை இடுக்கைத் தாண்டி, சுவர்கள் நெருங்கி உயர்கிற பகுதி வரை போய்த் திரும்பிவிடச் சொல்வேன், படத்துக்கு அதுவே போதும். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், தலையை முக்காதீர்கள், அதில் நச்சுப் பாசி உண்டு என்று பூங்காவே எச்சரிக்கிறது.

எஸ்கலான்டேயில் பீக்கபூ வழியாக ஏறி, ஸ்பூக்கி வழியாக இறங்குங்கள். எல்லோரும் இந்தத் திசையிலேயே போனால்தான் நடுவில் எதிரெதிரே மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். ஸ்பூக்கியில் சில இடம் ஓரடிக்கும் குறைவு. பையை முதுகில் வைத்துக்கொண்டு நுழைய முடியாது, கழற்றி ஒரு கையில் முன்னால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். மார்பும் முதுகும் ஒரே நேரத்தில் பாறையில் உரசும். அந்தப் பாறை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, நான் போட்டிருந்த சட்டையின் பித்தான் நான்கும் தேய்ந்து பால் நிறமாகிவிட்டது, பின்பாக்கெட்டில் வைத்திருந்த போனின் கண்ணாடி முழுக்கக் கீறல். கீழே மணல் நிழலிலேயே கிடந்து குளிர்ந்திருக்கும், செருப்பைக் கழற்றி நிற்கலாம் போலிருக்கும். ஒரு இடத்தில் மூச்சை முழுதாக வெளியே விட்டால்தான் நகர முடிந்தது, இழுத்தால் நெஞ்சு பிடித்துக்கொண்டது. கொஞ்சம் பருத்த உடம்பு என்றாலும், அடைபட்ட இடம் பயம் என்றாலும் ஸ்பூக்கி வேண்டாம், பக்கத்திலேயே டிரை ஃபோர்க் அகலமான இடுக்கு, அதுவும் அழகுதான்.

வெளிச்சம்

இடுக்குக்குள் சூரியன் நேராக விழுகிற இடத்தைப் படம் எடுக்காதீர்கள். அந்த இடம் வெள்ளையாக எரிந்து போகும், பக்கத்தில் இருப்பது கரிக்கட்டையாகிவிடும். வெயில் மேல்சுவரில் படும், அங்கிருந்து எதிர்ச்சுவருக்குத் தெறிக்கும், அங்கிருந்து இன்னும் கீழே. ஒவ்வொரு தெறிப்பிலும் செம்பாறையின் நிறத்தை வாங்கிக்கொண்டே வருவதால் முதலில் மஞ்சள், அப்புறம் காவி, அப்புறம் தணல் மாதிரி ஒரு சிவப்பு. தெறிப்பு வராத மூலைகளில் மேலே இருக்கிற நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் இறங்கி ஊதா நிறம் நிற்கும். அந்தத் தணலும் ஊதாவும் ஒரே சட்டத்துக்குள் அடுத்தடுத்து வருகிற இடத்தைத் தேடுங்கள். கண்டுபிடிக்க எளிய வழி, வெயில் பளிச்சென்று அடிக்கிற வளைவு எதுவென்று பார்த்து, அதற்கு ஒரு வளைவு முன்னாலோ பின்னாலோ வெயில் கண்ணில் படாத இடத்தில் போய் நிற்பது. பெரும்பாலான இடுக்குகளில் இது காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரையும், பிற்பகலில் இரண்டிலிருந்து நாலு வரையும் நன்றாக இருக்கும். நேரோஸ் ஆழம் அதிகம் என்பதால் அங்கே பத்திலிருந்து இரண்டு வரை. விடியற்காலையில் போய் நின்றால் எல்லாம் சாம்பல் நிறம்.

வானத்தைச் சட்டத்துக்குள் விடாதீர்கள். ஒரு கீற்று வானம் வந்தாலும் கேமரா அதற்குப் பயந்து மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடும், பார்க்கிற கண்ணும் அந்த வெள்ளைக் கீற்றுக்குத்தான் ஓடும். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தாலே பாதிப் படங்கள் தேறிவிடும்.

ட்ரைபாட் வைக்க இடமிருந்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் ஒரு வினாடியிலிருந்து பத்து வினாடி வரை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு, இரண்டு வினாடி டைமர். பக்கத்துச் சுவர் லென்ஸிலிருந்து ஓரடியில் இருக்கும், தூரத்துச் சுவர் முப்பதடியில் இருக்கும், ஒரே ஃபோகஸில் இரண்டும் வராது. பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று இரண்டு மூன்று படம் எடுத்து வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரைபாட் இல்லையென்றால் தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஐஎஸ்ஓ 1600, 3200 வரை தாராளமாகப் போங்கள். படத்தில் கொஞ்சம் குருணை இருந்தால் குறைந்துவிடாது, ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமரா நிறத்தைச் சரிசெய்கிற அமைப்பை, ஆட்டோவில் வைக்காதீர்கள், இது ரொம்ப முக்கியம். சட்டம் முழுக்க ஆரஞ்சு நிறம் இருப்பதைப் பார்த்து, ஏதோ குண்டு பல்பு வெளிச்சம் போல என்று எடுத்துக்கொண்டு கேமரா அந்த நிறத்தையே கழுவிவிடும். பகல் வெளிச்சம் என்கிற அமைப்பில் வைத்துவிட்டு, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். இன்னொன்று, ஹிஸ்டோகிராமில் (கேமரா திரையில் வருகிற வெளிச்ச வரைபடத்தில்) மொத்த வெளிச்சத்தை மட்டும் பார்க்காமல் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். இந்தப் பாறையில் முதலில் எரிவது சிவப்புதான். மொத்தக் கோடு நன்றாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரின் கோடுகளெல்லாம் கரைந்து ஒரே ஆரஞ்சுப் பூச்சாக இருக்கும். என்னுடைய முதல் பயணத்துப் படங்களில் பாதி இப்படித்தான் போயின. சிவப்புக் கோடு வலது ஓரத்தை முட்டினால் ஷட்டர் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

இடுக்குக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். மேலே காற்றடித்தால் பொடி மணல் தூறலாக விழும், கண்ணுக்கே தெரியாது. 16-35 மாதிரி ஒரு அகல லென்ஸோடு உள்ளே போய், அதோடேயே வெளியே வாருங்கள். நட்சத்திர விடுதிகளில் கிடைக்கிற பிளாஸ்டிக் குளியல் தொப்பி கேமராவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும், எடுக்காத நேரத்தில் போட்டு வையுங்கள். லென்ஸில் மணல் பட்டால் துணியால் துடைக்காதீர்கள், கீறிவிடும், ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். நேரோஸில் கேமரா தண்ணீர் புகாத சுருட்டுப் பையில் இருக்க வேண்டும், எடுக்கும்போது மட்டும் வெளியே. அங்கே போலரைசர் என்கிற வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸில் மாட்டினால் நனைந்த கல்லில் இருக்கும் பளபளப்பு போய் அடியில் இருக்கிற நிறம் வரும், ஷட்டரை அரை வினாடிக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் பட்டு மாதிரி விழும். ட்ரைபாட் கால்களை ஆற்று மணலில் அழுத்தி ஊன்றிவிட்டு எடுங்கள், நீரோட்டம் காலைத் தொட்டு அதிர வைத்துக்கொண்டே இருக்கும்.

போன் மட்டும்தான் என்றாலும் நல்ல படம் வரும். மிக அகலமான லென்ஸை விட்டுவிட்டு சாதாரண லென்ஸில் எடுங்கள். திரையில் வெளிச்சமான பாகத்தை விரலால் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். அதற்கு முன்னால் லென்ஸை ஊதிவிடுங்கள்.

பிரைஸின் ஹூடூக்கள்

பிரைஸ் கேன்யன் உண்மையில் பள்ளத்தாக்கு இல்லை. ஆறு அறுத்தது இல்லை இது, ஒரு மேட்டு நிலத்தின் கிழக்கு ஓரம் பிறை பிறையாக இடிந்து, அந்தப் பிறைகளுக்குள் ஆயிரக்கணக்கான பாறைத் தூண்கள் நிற்கின்றன. இவற்றுக்கு ஹூடூ என்று பெயர். பாறையும் வேறு, ஐந்து கோடி வருடங்களுக்கு முன்னால் ஏரிகளில் படிந்த சுண்ணாம்புப் பாறை. வருடத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் அங்கே இரவில் உறைந்து பகலில் உருகுகிறது. விரிசலில் இறங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது சதவீதம் பருத்து, விரிசலை ஆப்பு மாதிரி பிளக்கிறது. முதலில் மெல்லிய சுவர், அப்புறம் சுவரில் ஜன்னல், ஜன்னலின் மேல்பகுதி விழுந்ததும் இரண்டு தூண். கெட்டியான கல் தொப்பியாக இருக்கிற தூண் கொஞ்சம் அதிக காலம் நிற்கும். அந்த மண்ணின் பைவூட் மக்கள் இந்தத் தூண்களைக் கல்லாக்கப்பட்ட பழங்கால மனிதர்கள் என்று சொல்கிறார்கள். முதல் வெயில் படும்போது பார்த்தால் கூட்டமாக நிற்கிற ஆட்கள் மாதிரியேதான் இருக்கும்.

அந்த முதல் வெயில்தான் இங்கே எல்லாமே. பிறைகள் கிழக்கே பார்த்து இருப்பதால் காலை வெயில் முழுதாக விழும், பிற்பகல் போகப் போக மேட்டின் நிழலிலேயே அமிழ்ந்துவிடும். சன்செட் பாயின்ட் என்ற பெயரை நம்பி சாயங்காலம் போய் நிற்கிறவர்கள் ஏராளம். அங்கே மாலையில் கிடைப்பது மென்மையான நிழல் வெளிச்சம், செக்கச்சிவந்த தூண்கள் இல்லை. சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் பிரைஸ் பாயின்டிலோ இன்ஸ்பிரேஷன் பாயின்டிலோ போய் நின்றுவிடுங்கள். சூரியன் எழுந்த உடனே வருகிற பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக இருக்கும், ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த அரை மணி நேரம். தூண்களுக்கு நடுவில் புகுந்த வெயில் ஒன்றில் பட்டு இன்னொன்றின் நிழல் பக்கத்தில் தெறித்து, தூணே உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கும். இடுக்குக்குள் நடக்கிற அதே தெறிப்புதான், இங்கே திறந்தவெளியில். இதற்கு அகல லென்ஸ் வேண்டாம், 70-200 மாதிரி தூரத்தைக் கிட்டே இழுக்கிற லென்ஸ் போட்டு, சூரியன் இருக்கிற பக்கமாகவே திரும்பி, பத்துப் பதினைந்து தூண்களை மட்டும் பிடியுங்கள். லென்ஸுக்கு மேலே கையை நீட்டி நிழல் பிடித்துக்கொள்ளுங்கள்.

எட்டு மணிக்குப் பிறகு கீழே இறங்கலாம். சன்ரைஸ் பாயின்டிலிருந்து குவீன்ஸ் கார்டன் வழியாக இறங்கி, நவாஹோ பாதை வழியாக சன்செட் பாயின்டுக்கு ஏறுங்கள், மூன்று மைல்தான். ஆனால் விளிம்பே 8,000 அடிக்கு மேலே, ஊட்டியை விட உயரம். கடைசி ஏற்றத்தில் கிட்டத்தட்ட 600 அடி மூச்சு வாங்க ஏற வேண்டும், அதற்கென்று தண்ணீரை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். வால் ஸ்ட்ரீட் என்கிற இடத்தில் உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒல்லியான ஊசியிலை மரங்கள் வெளிச்சத்தைத் தேடி மேலே போயிருக்கும், நின்று எடுங்கள். குளிர்காலத்தில் கல் விழும் என்று அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். மே மாதத்தில்கூட விடியற்காலையில் உறைபனி உண்டு, கையுறையும் காதுமூடிய தொப்பியும் வேண்டும். இரவு தங்க முடிந்தால் தங்குங்கள், 2019ல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் பெற்ற இடம், அமாவாசையை ஒட்டிய கோடை இரவில் பால்வெளி வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஆன்டிலோப்பில் மட்டும்

ஆன்டிலோப் கேன்யன் நவாஹோ மக்களின் நிலம். வழிகாட்டியோடு மட்டும்தான் போகலாம், முன்பதிவு வேண்டும், ட்ரைபாடும் பையும் விடமாட்டார்கள். மேலே சொன்ன மாதிரி ஐஎஸ்ஓவைக் கூட்டி, சுவரில் சாய்ந்துதான் எடுக்க வேண்டும். மேல் ஆன்டிலோப்பில் கூரையிலிருந்து ஒரு வெளிச்சக் கம்பம் மாதிரி கதிர் இறங்குகிற படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அது மார்ச் பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, உச்சி வேளையில் மட்டும். மற்ற மாதங்களில் சூரியன் அவ்வளவு உயரம் ஏறாது. கதிர் வேண்டாம், நிறமும் வளைவும் போதும் என்றால் கீழ் ஆன்டிலோப் எனக்கு அதிகம் பிடிக்கும். நேரக் குழப்பத்தில் முன்பதிவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. யூட்டாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அரிசோனாவில் தள்ள மாட்டார்கள், சுற்றியுள்ள நவாஹோ நிலத்தில் தள்ளுவார்கள், ஆனால் பேஜ் ஊரும் அங்கே உள்ள சுற்றுலாவும் அரிசோனா நேரப்படி. போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்து நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, அதில் அரிசோனா நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கால் வைக்கிற இடம்

மணலில் கறுப்பாக, பொருக்குப் பொருக்காக, கருகின அடை மாதிரி ஒரு மேல்தோல் தெரியும். அது அழுக்கு இல்லை, உயிர். நுண்ணுயிரும் பாசியும் கற்பாசியும் பாலை மண்ணைப் பிணைத்து வைத்திருக்கிற உறை. ஒரு காலடி பட்டு உடைந்தால் திரும்ப வளரப் பல பத்து வருடங்கள் ஆகும். ஒரு நல்ல கோணத்துக்காக நாலடி ஓரமாகப் போகலாமே என்று தோன்றும்போது கீழே பாருங்கள், பாறை மேலோ வறண்ட ஓடை மணலிலோ மட்டும் காலை வையுங்கள். ஹூடூ மேல் ஏறாதீர்கள், சுவரில் பெயர் கீறாதீர்கள். வயர் பாஸ் வந்து பக்ஸ்கினில் சேருகிற இடத்தில், காட்டுச் செம்மறியாடுகளைச் சுவரில் கொத்தி வைத்திருக்கிறார்கள் அந்தக் காலத்து மக்கள், அதைக் கையால் தொட வேண்டாம், விரல் எண்ணெய்கூட அதைக் கெடுக்கும். தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடத் தடை. பக்ஸ்கின் மாதிரி இடங்களில் மலத்தைக்கூட அதற்கென்று விற்கிற பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும், வறண்ட மண்ணில் மட்காது. தகவல் மையத்தில் கேட்டால் அந்தப் பை எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள்.

அன்றைக்கு ராத்திரி விடுதி அறைக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்னால் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். அப்புறம் ட்ரைபாடின் கால்களைத் திருகிக் கழற்றி, குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசுங்கள். மணல் புகுந்த திருகை அப்படியே விட்டுவிட்டால் மறுநாள் காலை நாலரை மணிக் குளிரில், பிரைஸ் பாயின்டில், அது திறக்காது.